உபரியாய் வந்த வெம்மை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நாட்காட்டியில் அச்சிடப்படாத பண்டிகை ஒன்று நெடுங்காலம் இருந்துவந்தது. நவம்பர் மாத நன்றியறிதல் நாளை அடுத்து வரும் திங்கட்கிழமை அது. துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதற்கான பருவம் அன்றுதான் தொடங்கும். கிராமப்புறப் பள்ளிகள் பல அன்று விடுமுறை விடும். தந்தையும் மகனும், சில வீடுகளில் தாயும் மகளும், விடியலுக்கு வெகுமுன்பே காட்டுக்குள் நடப்பார்கள். 2019இல் தொடக்க நாள் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. ஆனால் நாள் மாறினாலும் குளிர் மாறவில்லை. இருட்டில் மேடேறி வியர்த்து, பின்பு ஒரு பரணிலோ மரத்தடியிலோ மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடந்தபோது கசிந்த வியர்வை உட்கார்ந்தபின் எதிரியாகிறது. பருத்தித் துணி அந்த ஈரத்தைக் குடித்து, உடலோடு ஒட்டி, சூட்டை உறிஞ்சி வெளியேற்றிவிடும். ‘பருத்தி கொல்லும்’ என்பது வட அமெரிக்கக் காடுகளில் புழங்குவோர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று.

ஆகவே கம்பளி. குறிப்பாகக் கம்பளிக் கால்சட்டை. நாம் பேச்சில் பேண்ட் என்று சொல்லும் முழுக்கால்சட்டை. பனியில் உட்காரும் உறுப்புக்கும் பனியைக் கிழித்து நடக்கும் கால்களுக்கும் மேற்சட்டையைவிட அதுவே முக்கியம். வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் ஆலைத்தொழிலாளிகள், மரம் வெட்டுவோர், சிறு விவசாயிகள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: நல்ல கம்பளிக் கால்சட்டை குறைந்த விலைக்கு எங்கே கிடைக்கும்?

ஒரு கால்சட்டைக்கு வரலாற்றுக் கட்டுரையில் என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். அந்த எளிய கேள்விக்கு இருநூறு ஆண்டுகளில் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், கந்தல் பொறுக்குவோரும் ராணுவ ஒப்பந்தக்காரர்களும் நாடாளுமன்ற விவாதங்களும் ஒரு கொரியப் போரும் அதில் வந்து நிற்கின்றன. மலிவான வெம்மை ஒருபோதும் தானாக மலிவாக இருந்ததில்லை என்பதையே அந்த வரிசை சொல்கிறது.

*

முதலில் பொருளைப் பார்ப்போம். ஆட்டு ரோமம் நேரானதல்ல. சுருள் சுருளாக நெளிந்தது. அந்த நெளிவுகளுக்கிடையே அடைபட்டு நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. இழையின் மேற்பரப்பு நீரைத் தள்ளும். உட்பகுதியோ நீராவியை ஈர்க்கும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்பும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. அப்படி ஈரத்தை உள்வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் அது வெளிவிடுகிறது. முழுவதும் நனைந்தால் கனக்கும், காய நேரமெடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் நனைந்த கம்பளி நனைந்த பருத்தியைப்போல உடனே கைவிட்டுவிடாது.

வேட்டைக்காரருக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மௌனம். நைலான் துணி முள்ளில் உரசினால் எழும் ஓசை மானின் காதுக்குப் போதுமான எச்சரிக்கை; மெத்தென்ற கம்பளி அதே முள்ளை ஓசையின்றிக் கடந்துவிடும். மற்றது, நெருப்பு. கூடாரத்து அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறி செயற்கை இழையை உருக்கித் தோலோடு ஒட்டவைக்கும். கம்பளியோ கருகும், நாறும், பொறி அகன்றதும் அணைந்துவிடும்.

நெய்த கம்பளித் துணியை வெந்நீரும் சோப்பும் இட்டு அடித்துச் சுருக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நெசவின் கண்கள் மூடி, காற்றும் பனியும் எளிதில் புகாத கனத்த துணியாகிவிடும். வட ஐரோப்பாவின் பழைய தொழில் இது. இடைக்கால ஐஸ்லாந்தில் ‘வாத்மால்’ என்னும் இத்தகைய முரட்டுக் கம்பளியே நாணயமாகப் புழங்கியது. இத்தனை முழத்துக்கு இவ்வளவு வெள்ளி என்று சட்டமே மதிப்பிட்டது. குளிர்நாட்டில் துணியும் செல்வமும் ஒன்றாக இருந்ததற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

*

இந்தத் தொழிலை அறிந்த ஆங்கிலேயக் குடியேறிகளில் ஒருவர் ஜான் ரிச். 1830இல் பென்சில்வேனியாவின் பிளம் ரன் ஓடைக்கரையில் கம்பளி ஆலை ஒன்றை நிறுவினார். மரவெட்டிகளின் முகாம்களுக்குக் கோவேறு கழுதை வண்டியில் துணியும் காலுறையும் கொண்டுசென்று விற்றார் என்பது அவ்வாலையின் மரபுக் கதை. வூல்ரிச் என்ற பெயரும், அப்பெயர் கொண்ட ஊரும் அதிலிருந்து வந்தவை. வெர்மான்ட் மாநிலத்து ஜான்சன் கம்பளி ஆலை 1842இல் தோன்றியது. 1897இல் கிளாண்டைக் தங்கவேட்டைக்குப் புறப்பட்டவர்களுக்கு உடை விற்பதற்காகச் சியாட்டிலில் ஃபில்சன் கடை திறந்தது. இவை அனைத்தும் உழைப்பாளிகளின் உடையாகத் தொடங்கியவை. வேட்டையுடை என்று தனியாக ஒன்று கிடையாது. மரம் வெட்டும் கால்சட்டையே மான் பருவத்தில் வேட்டைக் கால்சட்டை.

இவ்வுடைகளில் புகழ்பெற்ற ‘மக்கினா’ என்ற பெயரின் பின்னால் இருப்பது ஒரு பற்றாக்குறை. 1811இல் ஹ்யூரான் ஏரிக்கரையில் இருந்த புனித ஜோசப் கோட்டையின் பிரிட்டிஷ் தளபதி சார்ல்ஸ் ராபர்ட்ஸ் குளிர்கால மேலங்கிகளுக்காகக் காத்திருந்தார். அவை வந்துசேரவில்லை. கிடங்கில், பூர்வகுடியினரோடு பண்டமாற்று செய்ய வைத்திருந்த கம்பளிப் போர்வைகள் இருந்தன. அவற்றை வெட்டி உள்ளூர்ப் பெண்களைக்கொண்டு மேலங்கிகளாகத் தைக்கச் செய்தார். அடுத்த ஆண்டு அதே தளபதியின் படை மக்கினாக் தீவின் கோட்டையைப் பிடித்தது. உடைக்கு அத்தீவின் பெயர் நிலைத்துவிட்டது. வேறெதற்கோ வைத்திருந்த கம்பளி, வேறொருவர் உடலில் ஏறிய கதை இது. பின்னால் நாம் காணப்போகும் எல்லாக் கதைகளும் இதன் மறுபதிப்புகளே.

*

புதுக் கம்பளி விலையுயர்ந்தது. ஆட்டை வளர்க்க நிலம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையே பெரும்பாலும் கத்தரிக்க முடியும். ஏழைக்குக் கம்பளி கிடைக்க வேண்டுமென்றால் அது ஆட்டிடமிருந்து நேராக வராது. 1813வாக்கில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பேட்லி என்ற ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் லா இதற்கொரு வழி கண்டார். பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து இழையாக்கி, புது ரோமத்தோடு கலந்து மீண்டும் நூற்று நெய்யும் முறை. ‘ஷாடி’ என்று அதற்குப் பெயர். பேட்லியும் பக்கத்து ட்யூஸ்பரியும் உலகத்தின் கந்தல் தலைநகரங்களாயின. ஐரோப்பாவின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் கிழிசல்கள் மூட்டைகளாக வந்திறங்கின. பற்கள் கொண்ட உருளைகள் சுழன்று துணியைக் குதறும் எந்திரத்துக்குத் தொழிலாளர் இட்ட பெயர் ‘பிசாசு’. அதிலிருந்து எழும் தூசை நாளெல்லாம் சுவாசித்தவர்களுக்கு வந்த காய்ச்சலும் இருமலும் ‘ஷாடிக் காய்ச்சல்’ என்றே அழைக்கப்பட்டன.

இன்று ஆங்கிலத்தில் ஷாடி என்றால் மட்டமானது, ஏமாற்று வேலை என்று பொருள். ஒரு துணியின் பெயர் வசைச்சொல்லாக நிலைபெற்றது 1861இல். அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்ததும் வட மாநிலங்கள் அவசர அவசரமாகச் சீருடை வாங்கின. நியூயார்க் மாநிலத்துப் படைகளுக்கு ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் அளித்த சீருடைகள் கந்தல் கம்பளியால் ஆனவை. மழையில் நனைந்ததும் தையல் விட்டும் இழை பிரிந்தும் உதிர்ந்தன. பத்திரிகைகள் கேலிச்சித்திரங்கள் வரைந்தன. போரில் பணம் சேர்த்த புதுப்பணக்காரர்களுக்கு ‘ஷாடிப் பிரபுக்கள்’ என்ற பட்டம் வந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா ஷாடியும் ஏமாற்றல்ல. பழைய இழை குட்டையானது. அது மட்டுமே இருந்தால் துணி உதிரும். தக்க அளவு புது ரோமத்தோடு கலந்து நன்றாகச் சுருக்கினால் பல குளிர்காலங்களுக்குத் தாங்கும். ஏழைத் தொழிலாளியின் கனத்த உடைகளில் பெரும்பகுதி இப்படித்தான் அவனுக்குக் கட்டுப்படியாகியது. குற்றம் துணியில் இல்லை; இன்னதென்று சொல்லாமல் விற்றதில் இருந்தது.

அந்தச் சொல்லாமையை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் வாதாடியவர்கள் ஆடு வளர்ப்போர். அவர்களது நோக்கம் தூய ஒழுக்கம் மட்டுமன்று. கந்தல் இழை தங்கள் புது ரோமத்தின் விலையைக் கீழிறக்குகிறது என்ற கவலை. எதிரே நின்ற நெசவாலைகளோ, மறுபயன் இழை இல்லாவிட்டால் எளியவர்கள் குளிரில் விறைப்பார்கள் என்றன. இரு தரப்பும் தம் லாபத்தையே பேசின. இரு தரப்பின் வாதத்திலும் உண்மை இருந்தது. 1939ஆம் ஆண்டைப் பெயரில் தாங்கிய அமெரிக்கக் கம்பளிப் பொருள் முத்திரைச் சட்டம் 1940இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. உடையின் உட்புறச் சீட்டில் புதுக் கம்பளி எத்தனை விழுக்காடு, அணியப்படாத வெட்டுத்துண்டுகளிலிருந்து எடுத்தது எத்தனை, மனிதர் அணிந்து கழித்ததிலிருந்து எடுத்தது எத்தனை என்று தனித்தனியே அச்சிட வேண்டும் என்றது அது. 1980இல் பின்னிரு வகைகளும் ‘மறுசுழற்சிக் கம்பளி’ என்ற ஒரே பெயரில் அடங்கின. இன்று பழைய கால்சட்டை ஒன்றின் சீட்டில் மூன்று வகைகளும் பிரித்துக் கூறப்பட்டிருந்தால், அது 1980க்கு முற்பட்டது என்று துணிந்து சொல்லிவிடலாம்.

*

மலிவுக் கம்பளியின் இரண்டாம் ஊற்று ராணுவக் கிடங்கு. 1945இல் அமெரிக்கப் படைகளில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். போர் முடிந்ததும் அவர்களுக்கென்று தைத்த உடைகள் மிஞ்சின. 1944இலேயே இயற்றப்பட்ட உபரிச் சொத்துச் சட்டம் அவற்றைச் சந்தைக்குத் திறந்துவிட்டது. சிற்றூர்களில்கூட ‘ஆர்மி நேவி’ கடைகள் முளைத்தன. பச்சையும் பழுப்பும் கலந்த ராணுவக் கம்பளிக் கால்சட்டை ஒரு தலைமுறை வேட்டைக்காரர்களின் சீருடையாயிற்று. அரசாங்கம் வரிப்பணத்தில் வாங்கிய தரமான துணி. வேட்டைக்காரருக்குக் கிடைத்ததோ அதன் ஒரு சிறு பங்கு விலையில்.

அடுத்த போர் இந்தக் கணக்கைக் கலைத்தது. 1950ஆம் ஆண்டின் இறுதியில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் அமெரிக்கப் படையினர் உறைநிலைக்கு முப்பது பாகை கீழான குளிரில் போரிட்டனர். பனிக்கடியால் விழுந்தவர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். கம்பளிக்காக அமெரிக்கா உலகச் சந்தையில் இறங்கியது. ஆஸ்திரேலிய ஏலங்களில் சராசரி விலை ஒரே பருவத்தில் இருமடங்கைத் தாண்டியது. உயர்ந்த ரகங்கள் ‘ஒரு ராத்தலுக்கு ஒரு பவுன்’ என்ற விலையைத் தொட்டன. ஆஸ்திரேலிய ஆட்டுப்பண்ணைக்காரர்கள் அந்த ஓராண்டை இன்றும் பொற்காலமாக நினைவுகூர்கிறார்கள். ஆனால் அந்த விலையே கம்பளிக்கு எதிராகத் திரும்பியது. இவ்வளவு விலையும் இவ்வளவு நிச்சயமின்மையும் உள்ள இழையை நம்பியிருக்க முடியாது என்று ராணுவங்களும் ஆலைகளும் முடிவுகட்டின. நைலானும் அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் அந்த இடைவெளியில் நுழைந்தன.

1979இல் மாசசூசெட்ஸின் மால்டன் ஆலை பாலியஸ்டரில் மென்பஞ்சுபோன்ற துணியொன்றை உருவாக்கியது. ‘ஃப்ளீஸ்’ என்று அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர், ஆட்டு ரோமத்தின் பெயரேதான். 1980களில் அமெரிக்க ராணுவத்தின் குளிர்கால உடை அடியோடு செயற்கை இழைகளுக்கு மாறியது. அதன்பின் அங்கிருந்து வரும் உபரியிலும் கம்பளி அருகிவிட்டது. கம்பளியின் கதையோ வேறு திசையில் சரிந்தது. விலையைத் தாங்கிப் பிடித்துவந்த ஆஸ்திரேலியத் திட்டம் 1991இல் உடைந்தபோது அதன் கிடங்குகளில் விற்காத பொதிகள் நாற்பது லட்சத்துக்கும் மேல். லட்சக்கணக்கான ஆடுகள் சுட்டுப் புதைக்கப்பட்டன. இதில் விந்தை என்னவென்றால், ரோமம் மதிப்பிழந்தபோதும் கனத்த கம்பளிக் கால்சட்டை மலிவாகவில்லை. நெய்யும் தறிகளும் சுருக்கும் தொட்டிகளும் வேலை தெரிந்த கைகளும் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. வூல்ரிச் ஊரின் ஆலை 188 ஆண்டுகள் ஓடி, 2018இன் இறுதியில் நின்றது.

அந்த இடைவெளியில் கைகொடுத்தது ஐரோப்பா. பனிப்போர்க் காலத்தில் ஸ்வீடன் ஏறத்தாழ எட்டு லட்சம் பேரைப் படைதிரட்டும் ஆயத்தத்தோடு இருந்தது. ஸ்விட்சர்லாந்தின் படை ஆறு லட்சத்தைத் தாண்டியது. இரண்டும் போரில் சேராத நாடுகள். அந்த ஆட்களுக்கெல்லாம் சாம்பல் நிறக் கம்பளி உடைகள் தைத்து, மடித்து, கிடங்குகளில் அடுக்கப்பட்டிருந்தன. எதிரி வரவே இல்லை. 1990களிலும் 2000களிலும் அந்தப் படைகள் சுருக்கப்பட்டபோது, ஒருமுறைகூட உடுத்தப்படாத கால்சட்டைகள் கப்பலேறி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. உபரிகளிலேயே களங்கமற்றது இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வராத ஒரு போருக்காகத் தைத்த உடை, ஒரு வெர்மான்ட் தச்சரின் கால்களுக்கு வெம்மை தந்தது. ஆனால் அந்தக் கிடங்குகளும் அடிமட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவை மறுபடி கம்பளியால் நிரம்பப்போவதில்லை.

*

இந்த வரலாற்றை அறிந்தவர் பழங்கடையில் ஒரு கால்சட்டையைக் கையில் எடுக்கும்போது எதைப் பார்ப்பார்?

முதலில் உட்சீட்டு. புதுக் கம்பளி எண்பது விழுக்காட்டுக்கு மேல், மீதி நைலான் என்றிருந்தால் தயங்க வேண்டாம். சிறிதளவு நைலான் முழங்காலிலும் தொடையிலும் தேய்மானத்தைக் குறைக்கும். ‘இனந்தெரியாத இழைகள்’ என்றிருந்தால் அது கந்தல் கலந்தது. அதிலும் ஏமாற்றில்லை, ஆனால் விலை அதற்கேற்றதாக இருக்க வேண்டும். சீட்டே இல்லையென்றால், தையல் ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டலாம். முடி கருகும் நாற்றமும், நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் கம்பளிக்குரியவை. உருகி மணியாக இறுகினால் செயற்கை.

அடுத்தது கனம். அமெரிக்கர்கள் கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவர். பதினெட்டு அவுன்ஸ் நடந்து வேட்டையாடுவோருக்கு; இருபத்துநான்கு, பரணில் உறைந்து அமர்ந்திருப்போருக்கு. துணியை விளக்கின் எதிரே பிடித்தால் ஒளி கண்கண்ணாகத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒன்று நன்றாகச் சுருக்கப்படாத துணி, அல்லது அந்துப்பூச்சி விருந்துண்ட துணி. ஓரிரு ஓட்டைகளைக் கம்பளி நூலால் இழையோட்டி அடைத்துவிடலாம். இருக்கையிலும் தொடையிடுக்கிலும் துணி மெலிந்திருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

அளவில், உள்ளே ஒரு நீள உள்ளாடைக்கு இடம் வேண்டும்; இடுப்பு இரண்டு அங்குலம் தாராளமாக இருக்கட்டும். நனைந்தால் கனக்கும் துணியைத் தாங்க இடைவாரைவிடத் தோள்வாரே ஏற்றது. அடிவிளிம்பு கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்பது அழகுக்குறைவாகத் தோன்றலாம். பனியையும் சேற்றையும் உறிஞ்சி மேலேற்றாது என்பதற்காக மரவெட்டிகள் வேண்டுமென்றே அப்படி வெட்டிக்கொண்டார்கள். ராணுவக் கம்பளி குத்தும். இழையின் பருமன் முப்பது மைக்ரானை நெருங்கும்போது தோல் அதை முள்ளாக உணர்கிறது. மெல்லிய உள்ளாடை அதற்குப் போதிய மருந்து. தோய்ப்பதானால் தண்ணீரில், கையால், முறுக்காமல்.

*

வேட்டைக்காரர் உடுத்திக் கழித்த கால்சட்டை எங்கே போகிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கான விடை நம் நாட்டில் இருக்கிறது. பேட்லியின் பிசாசு எந்திரங்கள் ஓய்ந்தபின், உலகின் கந்தல் தலைநகரமாக ஆனது ஹரியானா மாநிலத்துப் பானிபட். மேற்கு நாடுகளின் பழைய கம்பளிகள் குஜராத்தின் கண்ட்லா துறைமுகம் வழியாக வந்திறங்கும். அங்கே பெண்கள் தரையில் அமர்ந்து பொத்தான்களையும் சீட்டுகளையும் வெட்டி நீக்கி, நிறவாரியாகப் பிரித்துக் குவிப்பார்கள். கிழித்து நூற்ற இழை போர்வையாகி, வெள்ளமும் நிலநடுக்கமும் நேர்ந்த இடங்களுக்கு நிவாரணப் பொருளாகச் செல்லும். மேக்னா குப்தாவின் ‘அன்ராவல்’ என்ற 2012ஆம் ஆண்டு ஆவணப்படம் இத்தொழிலாளிகளைப் பேசவைத்தது. இவ்வளவு நல்ல துணிகளை ஏன் எறிகிறார்கள் என்று அப்பெண்கள் தமக்குள் வியந்து விடைதேடும் காட்சிகள் மறக்க இயலாதவை. அந்தத் தொழிலையும் மலிவான பாலியஸ்டர் போர்வைகள் இப்போது விழுங்கிவருகின்றன.

பேட்லியின் தூசைச் சுவாசித்தவரும், சோசினில் விறைத்த சிப்பாயும், பானிபட்டில் பொத்தான் வெட்டும் பெண்ணும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் குறைந்த விலைச் சீட்டின் மீதித்தொகையை முறைவைத்துச் செலுத்தியவர்கள் அவர்களே. இதனால் மலிவுக் கம்பளியை வாங்கலாகாது என்று நான் சொல்லவில்லை. குளிரில் உட்காருபவருக்கு வெம்மை ஆடம்பரமல்ல. வாங்கிய பின் அதை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதே நம் கையில் உள்ளது. வேப்பிலையோ தேவதாருச் சீவலோ இட்டுப் பெட்டியில் வைத்து, ஓட்டை விழுந்த இடத்தை அந்தந்த ஆண்டே அடைத்துவந்தால், ஒரு ராணுவக் கால்சட்டை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். அமெரிக்க வடகாடுகளில் அப்படிச் சென்ற கால்சட்டைகள் ஏராளம். இழை நூறாண்டு தாங்கக்கூடியது. தாங்குமா என்பது ஊசி பிடிக்கும் கையைப் பொறுத்தது.